தரங்கம்பாடியின் கடன், சியோலின் இருக்கை

சில வாரங்களுக்கு முன் பூதலூரில் என் வீட்டுத் திண்ணைக்கு ஓர் இளைஞர் வந்தார். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். விண்ணப்பம் எழுத, சான்றிதழ் படித்துப் பொருள் சொல்ல ஊரில் சிலர் இன்னும் என்னிடம் வருவதுண்டு. அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பள்ளி மாற்றுச் சான்றிதழ். அதில் ஒரு பெயரும், ‘இந்து ஆதிதிராவிடர்’ என்ற குறிப்பும். மற்றொன்று ஞானஸ்நான அட்டை. அதில் வேறொரு பெயர். இ-சேவை மையத்துக்குச் செல்வதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “சார், மதம்னு கேக்குற எடத்துல என்ன எழுதறது?”

எளிய கேள்வி. ஆனால், அதற்கு முந்நூறு ஆண்டு வயது. விடை சொல்வதற்கு முன் சற்று நேரம் தாருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த அவகாசத்தில் என் மனம் போன திசை, வியப்பாக இருந்தாலும், கொரியா.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. என் பேத்தி கொரியத் தொடர்களைப் பார்ப்பவள். அவர்களும் ‘அம்மா’, ‘அப்பா’ என்றுதானே அழைக்கிறார்கள், இரண்டு மொழியும் ஒன்றா என்று அண்மையில் கேட்டாள். இந்தக் கேள்வியை அவளுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டவர் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி. கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணத்தைத் துணையாகக் கொண்டு, கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ஒலி ஒற்றுமை உறவாகிவிடாது என்று பேத்தியிடம் சொன்னேன், அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனால், இடையன்குடியில் வாழ்ந்த ஒரு மிஷனரியின் நூலை சியோலில் வாழ்ந்த ஒரு மிஷனரி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரே சமய இயக்கம் இரு நாடுகளிலும் எப்படி இவ்வளவு வேறுபட்ட விளைவுகளைத் தந்தது?

முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் 1620-இல் உடன்படிக்கை செய்து டேனியர்கள் பெற்ற தரங்கம்பாடியில், 1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கினர். இந்தியாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவ மிஷனின் தொடக்கம் அதுவே. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. கொரியாவுக்கு முதல் மிஷனரி மருத்துவர் ஹொரேஸ் ஆலன் வந்தது 1884-இல். அண்டர்வுட்டும் அப்பென்செல்லரும் வந்தது 1885-இன் ஈஸ்டர் நாளில். காவிரிப் படுகைக்கு ஏறத்தாழ 180 ஆண்டு முன்தொடக்கம் இருந்தது. ஆயினும், 2015 கணக்கெடுப்பில் தென்கொரிய மக்களில் 19.7 விழுக்காட்டினர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். நம் தஞ்சைச் சீமையிலோ அவர்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. பூதலூர் ரயில் நிலையத்தில் இறங்கும் கிறிஸ்தவ யாத்திரிகர்களில் பெரும்பாலோர் பூண்டி மாதா கோயிலுக்குச் செல்லும் கத்தோலிக்கர்கள். அது வீரமாமுனிவர் வழிவந்த வேறொரு மரபு. எஸ்.பி.ஜி. சங்கத்தின் பழைய ஆவணங்களில் பூதலூரும் ஒரு மிஷன் நிலையமாக இடம்பெற்றிருந்தது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது.

எண்ணிக்கை கூடினால் வெற்றி, குறைந்தால் தோல்வி என்று கணக்குப் பார்ப்பது என் நோக்கமன்று. நான் எந்தச் சபையின் உறுப்பினனும் அல்லன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே வகையான ஒரு நெருக்கடி வந்தது. இரண்டு இடங்களிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் நேர் எதிரானவை. இளைஞரின் கையிலிருந்த இரண்டு தாள்கள் அந்த முடிவுகளில் ஒன்றின் விளைவு.

தரங்கம்பாடி, 1741

தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன் என்பவர் பறையர் சமூகத்தில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் பகுதிகளைப் படித்து, 1720-களின் பிற்பகுதியில் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார். தரங்கம்பாடி எல்லைக்கு அப்பால் ஐரோப்பிய மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாதிருந்த தஞ்சை அரசுக்குள் சென்று, எதிர்ப்புகளுக்கிடையே சபைகளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். காவிரிப் படுகையின் உட்பகுதிகளில் இந்தச் சமயம் வேரூன்றியதற்கு எந்த ஜெர்மானியரையும்விட அவருக்கே கடன்பட்டிருக்கிறது.

1733 டிசம்பரில் ஆரோன் என்ற வெள்ளாளர் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியக் குரு அவர். அடுத்த குருவை நியமிக்க வேண்டிய தேவை வந்தபோது, உழைப்பாலும் அனுபவத்தாலும் முன்னிலையில் இருந்தவர் ராஜநாயக்கன். ஆனால், 1741-இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. பறையர் ஒருவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து பெறமாட்டார்கள் என்பதே காரணம். மிஷனரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

அந்த மிஷனரிகளைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது நிர்வாகச் சிக்கல். சபை உடைந்துவிடுமோ என்ற அச்சம். ‘காலப்போக்கில் சரியாகும்’ என்று அவர்கள் நம்பியிருக்கக்கூடும். ஆலயத்துக்குள் தனித்தனி இருக்கைகள், திருவிருந்தில் யார் முதலில், யார் பிறகு என்ற வரிசை எல்லாமே இந்த நம்பிக்கையின் பெயரால் நிலைபெற்றன. காலம் போனது, சரியாகவில்லை.

சியோல், 1895

கொரியாவில் சாதி இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஜோசோன் அரசின் காலத்தில் ‘பெக்ஜோங்’ எனப்பட்ட கசாப்புத் தொழிலாளர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். மற்ற ஆடவர் அணியும் தொப்பியை அணியவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ‘யாங்பான்’ என்ற உயர்குடியினருக்கு முன் அவர்கள் நிலை என்னவென்று, படுகையில் பண்ணையாள் முறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சியோலில் சாமுவேல் மூர் என்ற அமெரிக்க மிஷனரி ஒரு சபையை நடத்திவந்தார். பாக் சோங்-சுன் என்ற கசாப்புக்காரர் கடும் காய்ச்சலில் விழுந்தபோது, அரசருக்கு மருத்துவம் பார்த்த ஆலிவர் ஆவிசனை மூர் அவர் குடிசைக்கே அழைத்துச் சென்றார். அரசரைத் தொட்ட கை தன்னைத் தொட்டது பாக்கை உலுக்கியது. 1895-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். உடனே சபையின் உயர்குடியினர் மூரிடம் வந்தனர். கசாப்புக்காரர்கள் வரட்டும், ஆனால் தங்களுக்கு முன்பகுதியில் தனி இருக்கை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மூர் மறுத்தார். உயர்குடியினர் வெளியேறி வேறொரு சபையை அமைத்துக்கொண்டனர்.

மூரின் சபை கசாப்புக்காரர்களின் சபை என்று ஏளனம் செய்யப்பட்டது. சுமார் மூன்றாண்டுகளில் பிரிந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அதே ஆண்டில், 1898-இல், சுதந்திரக் கழகத்தார் சியோலில் கூட்டிய பெரும் பொதுக்கூட்டத்தில், அமைச்சர்கள் முன்னிலையில், பாக் சோங்-சுன் உரையாற்றினார். 1911-இல் அவர் சபையின் மூப்பரானார். அவருடைய மகன் 1908-இல் செவரன்ஸ் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் எழுவரில் ஒருவர்.

சியோலுக்கும் தரங்கம்பாடிக்கும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். ஒரு தலைமுறைக்குள் விளைவு வெவ்வேறாகிவிட்டது. ஆனால், மூரின் துணிவை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பாதி உண்மை. 1894-இல் காபோ சீர்திருத்தங்கள் பிறப்பு அடிப்படையிலான நிலைகளைச் சட்டத்தில் ஒழித்திருந்தன. சட்டம் கதவைத் திறந்துவைத்த பின்தான் சபை உள்ளே நுழைந்தது. தரங்கம்பாடியில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அது வருவதற்கு இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. வந்தபோது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேலும் சில காரணங்களும் உண்டு. கொரியாவை அடிமைப்படுத்தியது ஜப்பான். எனவே மேற்கத்தியச் சமயம் அங்கே நாட்டுப்பற்றுக்குப் பகையாகவில்லை. 1919 மார்ச் 1 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். மிஷனரிகள் வருமுன்பே, மஞ்சூரியாவில் ஜான் ராஸுடன் சேர்ந்து கொரியர்களே வேதத்தை எளிய ஹங்குல் எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தனர். 1887-இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1890-இல் சியோலுக்கு வந்த ஜான் நெவியஸ், வெளிநாட்டுப் பணத்தில் சபையை வளர்க்காதீர்கள் என்று இளம் மிஷனரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தம் ஆலயத்தைத் தம் காசில் கட்டும் பழக்கம் அங்கே தொடக்கத்திலேயே வந்தது. தமிழகத்திலும் அப்படிச் சிந்தித்தவர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டையை அமைத்த அருளப்பன், வெளிநாட்டு ஊதியம் இல்லாத சபையை நெவியஸுக்கு முன்பே நடத்திக்காட்டியவர். 1860-இல் அங்கே தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமை எங்கும் பேசப்பட்டது. ஆனால், மிஷன் நிறுவனங்கள் அவரைத் தம் வழிகாட்டியாக ஏற்கவில்லை.

தஞ்சாவூர் கண்ட பிளவு

1750-இல் வந்து, 1778 முதல் தஞ்சாவூரில் தங்கிய சுவார்ட்ஸின் பெயரை நம் மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. ஹைதர் அலியின் படையெடுப்பால் வயல்கள் தரிசாகி மக்கள் பட்டினி கிடந்த 1780-களின் தொடக்கத்தில், ஊரை விட்டு ஓடிய உழவர்கள் அரசின் வாக்கை நம்பாமல் சுவார்ட்ஸின் வாக்கை நம்பித் திரும்பினார்கள். மன்னர் துளஜா தம் வளர்ப்பு மகன் சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். சரபோஜி சைவராகவே வாழ்ந்தார். ஆயினும் 1798-இல் மறைந்த தம் ஆசிரியருக்காக இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில் இன்றும் அதைக் காணலாம். மாணவர்களை நான் அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம், மதமாற்றம் பற்றிய இன்றைய கூச்சல்களை விட்டுவிட்டு இதை நின்று பாருங்கள் என்பேன். மாறாமலே மதிக்க முடியும் என்பதற்கும், மாற்றாமலே கற்பிக்க முடியும் என்பதற்கும் அது சாட்சி.

ஆனால், அதே சுவார்ட்ஸும் சாதி வேறுபாட்டைக் கடுமையாக எதிர்க்கவில்லை. மெல்லக் கரையட்டும் என்று விட்டுவிட்டார். அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்குப் பின் அந்தப் பொறுமையின் கணக்கு தீர்க்கப்பட்டது. புதிதாக வந்த ஆங்கில அமைப்பின் மிஷனரிகள் இருக்கை வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டனர். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர், சுவார்ட்ஸால் பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதில் அழைத்துவரப்பட்டு வளர்க்கப்பட்ட, சரபோஜியின் அவைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய அதே பெரும்புலவர்.

அவருடைய வாதத்தைக் கேலி செய்வது எளிது, அது நேர்மையன்று. மிஷனரிகள் சாதியை மட்டும் எதிர்க்கவில்லை. தமிழ் இசை, பூ, திருமணச் சடங்கு, பழகிய வேத மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். ‘சாதி என்பது சமயமன்று, உலகியல் ஒழுங்கு, ஐரோப்பியருக்கு இடையிலும் வகுப்பு உண்டே’ என்பது சாஸ்திரியாரின் கட்சி. பண்பாட்டுரிமையும் ஆதிக்கமும் ஒரே துணியில் பின்னிக்கிடந்தன. தமிழ்க் கீர்த்தனையைக் காக்க எழுந்த குரலே தனி இருக்கையையும் காத்தது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய துயரம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 1835-இல் அவரே தஞ்சாவூருக்கு வந்து பேசினார். வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் விலகினர். இங்குதான் சியோலோடு கதை மாறுகிறது. சியோலில் பிரிந்தவர்கள் திரும்பி வந்ததற்கு ஒரு காரணம், அவர்களைத் தனி இருக்கையோடு ஏற்க வலுவான வேறோர் அமைப்பு அங்கே இல்லாமற்போனது. தஞ்சாவூரில் அப்படியன்று. 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன், கார்ல் கிரவுலின் வழிகாட்டுதலில், சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டது. பிரிந்தவர்கள் அங்கே புகலடைந்தனர். 1850-களில் தஞ்சாவூரில் பணியாற்றிய ஜி.யு.போப் - ஆம், நம் திருவாசகம் போப்தான் - சினந்து, லுத்தரன்களின் இந்தப் போக்கைக் கண்டித்து 1853-இல் ஒரு நூலே வெளியிட்டார். போட்டியிடும் இரு மிஷன்கள் இருந்தால், சாதிக்கு எப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும். வாக்குக்குப் போட்டியிடும் கட்சிகளைப் பார்க்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலியில் புதிதாக மாறியவர்களுக்கு 1799-இல் முதலூர் என்ற தனிக் குடியேற்றமே அமைக்க முடிந்தது. அங்கே பனைமரம் இருந்தது, தரிசு நிலம் இருந்தது. இங்கே காவிரிப் பாசனத்தின் ஒவ்வொரு குழியும் மிராசுதாரருடையது. பண்ணையாளின் குடிசை நின்ற மனையும் அவருடையதே. சமயம் மாறினால் குடியிருக்க இடமிராது. தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. அதற்குப் பின்னும், 1968-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இந்த மண்ணில் எந்த எழுப்புதலும் சிந்தாந்தத்தால் மட்டும் வளர்ந்திருக்க முடியாது.

இனி அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 1950 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17-ஆவது கூறு தீண்டாமையை ஒழித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. பிரிட்டிஷ் அரசின் 1936 ஆணையிலும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இதே விலக்கு இருந்தது. பின்னர் 1956-இல் சீக்கியர்களுக்கும், 1990-இல் பௌத்தர்களுக்கும் விலக்கு நீங்கியது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நீங்கவில்லை.

இதன் பொருள் இடஒதுக்கீடு மட்டுமே என்று பலர் கருதுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். 18 விழுக்காட்டுப் பிரிவில் அல்லாமல் 26.5 விழுக்காட்டுப் பிரிவில், நிலமும் கல்வியும் உள்ள சமூகங்களோடு அவர்கள் போட்டியிட வேண்டும். அது ஒரு பக்கம். தனித் தொகுதியிலோ, ஊராட்சியின் ஒதுக்கப்பட்ட வார்டிலோ நிற்க முடியாது. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தெருவில் சாதி சொல்லித் திட்டுபவர் ஞானஸ்நான அட்டையைக் கேட்டுவிட்டுத் திட்டுவதில்லை. காவல் நிலையத்தில்தான் அது கேட்கப்படுகிறது.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவர், பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1985-இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பின்னும் அந்த இழிவுகள் அதே கடுமையோடு புதிய சமயத்துக்குள் தொடர்கின்றன என்பதைக் காட்டினால்தான் கோரிக்கையை ஏற்க முடியும் என்றது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினர்-செயலர் மாறுபட்ட குறிப்பு எழுதினார். 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம்; இரண்டாண்டுக் கெடு முடிந்து நீட்டிப்பும் பெற்றது. 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கேரளத்தின் தேவிகுளம் தொகுதி வழக்கில் சபைப் பதிவேடுகளே சாட்சியங்களாகப் புரட்டப்பட்டன. 2023-இல் உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாதது என்றது, 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் இருக்கும் நிலையில் 2024 தீர்ப்பு பிழையானது என்று நான் வாதிடவில்லை. இரண்டு பெயர்களோடு வாழ்வது நேர்மைக்கு ஏற்றதன்று. ஆனால், அந்த இரட்டை வாழ்வைப் படைத்தது யார்? கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. அதற்கு ஆதாரமாகச் சபையின் கோட்பாட்டைக் காட்டுகிறது. சபையின் ஆவணத்தைப் பார்ப்பதில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம் கேட்ட சான்று 1741 முதலே ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. சபைகள் அதை எடுத்துத் தரத் தயங்குகின்றன; தந்தால் அது அவர்கள் மீதான குற்றப்பத்திரிகையாகவும் ஆகிவிடும். ஒரு பக்கம் தில்லியில் நீதி கேட்பது, மறுபக்கம் சொந்தக் கல்லறைத் தோட்டத்தின் சுவரைப் பற்றி வாய் திறக்காதது என்ற நிலை நெடுங்காலமாக நீடிக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. அது துணிவான செயல். ஆனால் அதற்குப் பின்னும், திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் பங்கில் பாகுபாடு நடப்பதாகத் தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. சீர்திருத்தச் சபைகளோ அந்த அளவு ஒப்புதலைக்கூட இன்னும் உரத்துச் சொல்லவில்லை.

‘எழுப்புதல்’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அது மூன்று நாள் கூட்டம், ஒலிபெருக்கி, வெளியூர்ப் பேச்சாளர். கொரியர்கள் பேரெழுப்புதல் என்று நினைவுகூர்வது 1907 ஜனவரியில் பியாங்யாங்கின் சாங்தேஹியோன் ஆலயத்தில் நடந்ததை. வேல்ஸிலும் இந்தியாவிலும் நடந்த எழுப்புதல்களின் செய்தி முந்தைய ஆண்டே அவர்களை எட்டியிருந்தது. அங்கே நடந்தது முக்கியமாகப் பாவ அறிக்கை. அதுவும் பொத்தாம்பொதுவாக அன்று. கில் சோன்-ஜு என்ற சபைத் தலைவர் எழுந்து, இறந்துபோன நண்பரின் சொத்தைக் கவனித்துக்கொள்ளும்போது அதிலிருந்து பணம் எடுத்துக்கொண்டதாகவும், அதைத் திருப்பித் தரப்போவதாகவும் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பிறகு பலர் எழுந்தனர். தொகை, பெயர், திருப்பிக் கொடுத்தல் என்று எல்லாமே குறிப்பாக இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் இன்னும் அறுவரும் குருக்களாக அபிஷேகம் பெற்று, கொரியர்களுக்கென்று தனி மூப்பர் மன்றம் அமைந்தது. முதல் மிஷனரி வந்து இருபத்துமூன்று ஆண்டுகள்தாம். தரங்கம்பாடியின் ஆயர் பீடத்தில் முதல் இந்தியர் ராஜா மாணிக்கம் அமர்ந்தது 1956-இல்; சீகன்பால்கு வந்து 250 ஆண்டு.

கொரியச் சபையைப் பொன்னாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. 1907-இன் எழுப்புதல் நாட்டைப் பறிகொடுத்த மக்களின் கோபத்தைத் திசைதிருப்பியது என்று கருதுவோர் அங்கேயே உண்டு. 1938-இல் அவர்களுடைய பிரஸ்பிட்டேரியப் பொதுச்சபை, ஜப்பானியரின் ஷிண்டோ வழிபாட்டுக்குத் தலைவணங்கத் தீர்மானம் போட்டது. இன்று பெருஞ்சபைகளில் தந்தைக்குப் பின் மகன் என்ற வாரிசுரிமை பெரும் சச்சரவாகியிருக்கிறது. தமக்கு மதம் இல்லை என்று 2015-இல் சொன்னவர்கள் 56 விழுக்காடு. ஆனால், 1895-இல் கேட்கப்பட்ட தனி இருக்கையை மட்டும் அவர்கள் மீண்டும் யாருக்கும் தரவில்லை. பெக்ஜோங் யார் வழிவந்தவர் என்று இன்றைய சியோலில் எவராலும் கண்டுசொல்ல முடியாது. காவிரிப் படுகையில் அது முகவரியிலேயே இருக்கிறது.

மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டியல் சாதி இந்துக்களுக்கு உள்ள அச்சம் - ஏற்கெனவே போதாத பங்கு மேலும் குறையுமே என்பது - நியாயமானது; விகிதத்தை உயர்த்தாமல் பட்டியலை மட்டும் நீட்டுவது ஏழையின் தட்டிலிருந்து எடுத்து இன்னோர் ஏழைக்கு இடுவதாகும். பட்டியலில் சேர்வோரின் மக்கள்தொகைக்கு ஏற்ப விகிதமும் உயரும் என்பதைப் பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முடிவுக்குப் பின் மத்திய அரசு முதலில் தெளிவாக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அதில் பங்கு குறைவதற்கு எதுவும் இல்லை. சபைகள் தம் பங்குக்கு, இருக்கை, கல்லறை, குரு நியமனம் பற்றிய தம் பதிவேடுகளை, 1741 தொடங்கி, ஆணையத்தின் முன் வைக்கலாம். அதைப் பியாங்யாங்கில் நடந்ததுபோலப் பெயர் சொல்லி, தொகை சொல்லிச் செய்யலாம்.

அன்று மாலை அந்த இளைஞருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கினேன். இந்து என்று எழுதினால் எது கிடைக்கும், என்ன ஆபத்து. கிறிஸ்தவர் என்று எழுதினால் எது போகும் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்க ஆயாவ எங்க சபைக் கல்லறையிலேயே மேற்கு ஓரமாத்தான் சார் வச்சாங்க” என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் கேட்டுவிட்டு நாளை வருவதாகச் சொல்லி, புது ஆற்றுக் கரை வழியாகச் சைக்கிளில் போனார். இதை எழுதும் வரை வரவில்லை.